அலுமாரியின் மூச்சு

மண்ணுக்கும் வெயிலுக்கும் குறைவில்லாத ஒரு நாட்டிலே, வீட்டினுள் பெட்டியொன்றில் பயிர் வளர்ப்பானேன் என்னும் வினா நியாயமானதே. குளிர்நாட்டார் பனிக்காலத்தில் அறைக்குள் விளக்கொளியிற் கீரை வளர்க்கின்றனர். அவர்களுக்கு அது தேவை. ஈண்டோ வாசலைக் கடந்தால் வெயில் காத்திருக்கிறது. ஆயின், வாசலைக் கடந்ததும் காலிற் படும் நிலம் பிறருடையதாக இருப்போரும் இந்நாட்டில் உளர். வாடகை வீட்டில் வாழ்வோர் முற்றத்தில் ஒரு கத்தரிக் கன்று நடுவதற்கும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவேண்டும். அத்தகையோர்க்கு எட்டக்கூடிய பயிர்களுட் காளான் முதன்மையானது. அது நிலம் கேட்பதில்லை, வெயிலும் கேட்பதில்லை. அது கேட்பவை ஈரம், மிதமான குளிர்ச்சி, புதிய காற்று என்பனவே. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகையானவை என்பது, ஒரு சிறிய அலுமாரிக்குள் அவற்றை ஒருங்கே நிறுத்த முயலும்போதுதான் விளங்குகிறது.

வவுனியா நகரின் ஓரத்தில், தகரக் கூரையிட்ட இரண்டறை வீடொன்றில் வாழும் ஒரு பெண்ணின் கதை இதற்குத் தக்க சான்று. அவள் பள்ளிச் சீருடை தைத்து வாழ்ந்தவள். 2020 பங்குனியிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது சீருடை தைப்பிக்க வருவார் இலராயினர். மகனுக்கு அப்பொழுது எட்டு வயது. தையற் பொறி துணியால் மூடப்பட்டுக் கிடந்த அந்நாட்களில், வித்திட்ட காளான் பைகளை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்து அறுவடை செய்யலாமென அவள் கேள்விப்பட்டாள். மரத்தூளும் தவிடும் கலந்து, அவித்துத் தொற்றுநீக்கி, சிப்பிக் காளானின் வித்தை இட்ட பைகள் தெற்கிலிருந்து பேருந்தில் வந்தன. வீட்டில் இருந்த பழைய சாப்பாட்டு அலுமாரி அவற்றுக்கு இருப்பிடமாயிற்று. நாலடி உயரம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். முன்கதவுகளிலும் பக்கங்களிலும் கம்பிவலை. இருபத்துநாலு பைகள் அதனுட் கொள்ளும்.

அலுமாரியை வைத்த இடத்தைப் பற்றியும் இங்கே கூறிவிடவேண்டும். முன்னறை மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயில் முழுவதையும் அதன் சுவரே தாங்கும். பின்னறையோ ஒரு வேப்பமரத்தின் நிழலில் உள்ளது. ஆகவே அலுமாரி பின்னறைக்குச் சென்றது. தாயும் மகனும் உறங்கியதும் அந்தப் பின்னறையிலேதான்.

தொடக்கத்தில் ஈரத்தைப் பற்றிய அச்சமே அவளுக்கு மேலோங்கியிருந்தது. காளான் மொட்டு காற்றில் உலர்ந்தால் கருகிவிடும். சாரீரப்பதன் எண்பது வீதத்துக்குக் குறையலாகாது என்று பை விற்றவர் சொல்லியிருந்தார். அவள் கம்பிவலை முழுவதையும் பொலித்தீன் தாளால் மூடி, நாளுக்கு மூன்று முறை நீர் தெளித்தாள். உள்ளே வியர்த்தது, பொலித்தீனிற் துளிகள் கோத்து நின்றன. காளானும் முளைத்தது. ஆனால் அவை காளானின் உருவில் இல்லை. நீண்டு வெளுத்த தண்டுகள். அவற்றின் நுனியிற் கடுகளவே விரிந்த குடைகள். சந்தையில் அவற்றை எவரும் வாங்கவில்லை.

அலுமாரியின் காலொன்றைச் சீர்செய்ய வந்த முதிய தச்சர் ஒருவர் அந்தக் கோலத்தைக் கண்டு சிரித்தார்.

“பிள்ளை, இதுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிக்குது. காத்துத் தேடுது போலை கிடக்கு.”

“காத்து விட்டால் காஞ்சு போகும் ஐயா.”

“காஞ்சு போறது வேறை, மூச்சு முட்டுறது வேறை மோனை.”

தச்சர் அறிவியல் கற்றவரல்லர். எனினும் அவர் கண்டது முற்றிலும் சரியானதே. பங்கசு பச்சையம் அற்றது. அது நம்மைப் போலவே ஒட்சிசனை உள்ளெடுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடுவது. வெளிக்காற்றிற் பத்து இலட்சத்துக்கு 420 பங்களவில் உள்ள காபனீரொட்சைட்டு, ஆயிரம் பங்கைத் தாண்டிச் செல்லுமாயின் சிப்பிக் காளான் குடை விரிப்பதைக் குறைத்துத் தண்டை நீட்டத் தொடங்கும். காட்டில் மரப்பொந்தின் அடைசலிலிருந்து திறந்த வெளியை எட்டுவதற்கு அது உதவியிருக்கலாம். அடைத்த அலுமாரியிலோ எத்துணை நீண்டாலும் எட்டுவதற்கு வெளியே இல்லை.

இவ்விடத்திலே பழைய பெட்டியொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1829 ஆம் ஆண்டளவில் நதானியேல் வாட் என்னும் இலண்டன் மருத்துவர், கூட்டுப்புழுவொன்றை மண்ணுடன் மூடிய போத்தலில் இட்டு வைத்தார். போத்தலின் மண்ணிலிருந்து சிறு பன்னமொன்றும் புல்லும் முளைத்து, எவரும் நீரூற்றாமலே வாழ்ந்தன. அக்காட்சியிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டி ‘வாட் பெட்டி’ எனப்பட்டது. 1876 இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இறப்பர் நாற்றுகள் இலங்கைக்குக் கடல்வழி வந்தது அத்தகைய பெட்டிகளிலேதான். ஒளி இருக்கும்வரை பச்சைச் செடி மூடிய பெட்டியிலும் தன் காற்றைத் தானே திருத்திக்கொள்ளும். காளானுக்கு அவ்வாற்றல் இல்லை. மூடிய பெட்டியில் வந்த இறப்பரின் மரத்தூளே இன்று இந்நாட்டுக் காளான் பைகளிற் பெரிதும் நிரப்பப்படுவது. அப்பைகளோ மூடிய பெட்டியில் வாழமாட்டா.

தச்சரின் சொற்கேட்டு அவள் பொலித்தீனை முற்றாக அகற்றினாள். அடுத்த பறியில் குடைகள் விரிந்தன. ஆனால் ஓரங்கள் வெடித்து மஞ்சளித்தன. அது ஆடி மாதம். வன்னி நிலத்திற் சோளகம் வீசும் காலம். நண்பகல் வெப்பம் 34 பாகை செல்சியசு. அலுமாரியை நன்றாகத் திறந்துவிட்டால் உள்ளே குளிருமென்று அவள் எண்ணியிருந்தாள். அது பலரும் எண்ணுவதே. காற்றோட்டம் வேறு, குளிர்விப்பு வேறு என்னும் உண்மை எளியதாயினும் எளிதில் மனத்திற் பதிவதில்லை. 34 பாகையில் உள்ள வெளிக்காற்றை எவ்வளவு விரைவாக உள்ளே செலுத்தினாலும் உள்ளே கிடைப்பது 34 பாகையே. உள்ளிருக்கும் பொருள் வெளியைவிடச் சூடாக இருந்தாலன்றிக் காற்றோட்டத்தாற் குளிர்ச்சி விளையாது. மனிதருக்கு மின்விசிறி இதமளிப்பது தோலின் வியர்வை ஆவியாவதனால். காளானின் மேலும் அதே காற்று வீசும்போது அதன் ஈரமும் ஆவியாகிறது, ஆனால் அந்த இதத்தின் விலையாக அது வெடித்துப்போகிறது.

ஆகவே வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் நோக்கவேண்டியதாயிற்று. இதற்குச் செலவில்லை. நண்பகலில் அலுமாரியின் மேற்பலகையிற் கையை வைத்தபோது அது பக்கப் பலகைகளைவிடச் சூடாயிருந்தது. மேலே தகரம். சூடேறிய தகரம் கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசும். கதிர்வீசலைக் காற்றோட்டத்தால் நிறுத்த இயலாது, இடையில் ஒரு தடை வேண்டும். அவள் தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளிவிட்டுக் கிடுகு கட்டினாள். கிடுகு பழையது, அயல்வீட்டார் வேலி பிரித்தபோது கொடுத்தது. இரண்டாவது வெப்பமூலம் பைகளே. பங்கசு இழை மரத்தூளைத் தின்னும்போது வெப்பம் பிறக்கிறது. பையின் நடுப்பகுதி சூழலைவிடச் சில பாகை கூடுதலாகவே இருக்கும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் பைகள் ஒன்றையொன்று சூடேற்றுவன. இருபத்துநாலு பைகளைப் பதினாறாகக் குறைத்து, பைக்குப் பை நாலு விரல் இடைவெளி விட்டாள். வருமானத்தில் மூன்றிலொரு பங்கைக் கைவிட்டது போலத் தோன்றினும், பழுதாகும் பைகள் குறைந்தமையால் அவ்வளவு நட்டம் ஏற்படவில்லை.

அதற்குப் பின்னரே சாக்கு வந்தது. நனைந்த சாக்கினாற் குளிர்விக்கும் முறை புதிதன்று. 1890 களில் மேற்கு அவுத்திரேலியாவின் கூல்கார்டி பொன்வயலில், மேலே நீர்த்தட்டும் பக்கங்களிற் சணற் சாக்கும் கொண்ட உணவுப் பெட்டியொன்று உருவாகி அந்நாடெங்கும் பரவியது. புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 1980 களில் இரட்டைச் செங்கற்சுவரின் நடுவே ஈரமணல் இட்டு, மின்சாரமின்றிக் காய்கறி காக்கும் அறையொன்றைப் பரப்பியது. நம் வீடுகளின் மண்பானையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரு இலீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 கிலோயூல் வெப்பத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. நூறு உவாற்று மின்குமிழ் ஒன்று ஆறரை மணி நேரத்துக்கும் மேலாக எரிந்து தரும் வெப்பத்துக்கு இது ஈடு. ஒரு செம்பு நீரில் இத்துணை ஆற்றல் அடங்கியிருப்பதைப் பாடநூலிற் படிப்பவர் பலர், நம்புவோர் சிலரே.

அலுமாரியின் மேலே தகரத் தட்டொன்றில் நீர் நிறுத்தி, அதிற் துணித்திரிகளின் ஒரு நுனியை இட்டு, மறுநுனியைப் பக்கங்களிற் தொங்கும் சாக்கிற் தைத்தாள். தையற்காரியாதலின் அது நேர்த்தியாக அமைந்தது. திரிவழியே நீர் இறங்கிச் சாக்கை நனைத்தபடியே இருக்கும். இரண்டு மலிவான வெப்பமானிகளுள் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி அலுமாரிக்கு அருகே தொங்கவிட்டாள். இந்த ஈரக்குமிழ் காட்டும் அளவே சாக்கினால் எட்டக்கூடிய எல்லை. அதற்குக் கீழே எந்தச் சாக்கும் குளிர்விக்காது. வெப்பம் 34 பாகையும் சாரீரப்பதன் அறுபது வீதமும் உள்ள நண்பகலில் அவ்வெல்லை ஏறக்குறைய இருபத்தேழரைப் பாகை. எல்லையை முற்றாக எட்ட இயலாதெனினும், உலர்ந்த சோளக நாட்களில் உள்ளே முப்பது பாகையளவில் நின்றது. ஈரமும் கூடவே கிடைத்தது. மார்கழியில், வானம் மூடி மழை நின்றுபெய்யும் நாட்களில், சாக்கு நனைந்து கிடந்தும் பயனில்லை; காற்று ஏற்கெனவே நீரால் நிறைந்திருப்பதால் ஆவியாதல் நிகழாது. அப்பொழுது குளிர்விப்பும் தேவையில்லையென்பது இயற்கையின் ஓர் இரக்கம் போலும். காற்றும் அசையாது, ஈரமும் வெப்பமும் சேர்ந்து அழுத்தும் சித்திரையே பொல்லாதது. சித்திரையை எந்தச் சாக்கினாலும் வெல்ல முடியவில்லை.

சாக்குக்கும் பராமரிப்பு வேண்டும். வவுனியாவின் கிணற்றுநீர் வன்னீர். ஆவியான பின் வெண்சுண்ணம் படிந்து சாக்கு பலகைபோல் விறைக்கும். எப்பொழுதும் ஈரமாயிருக்கும் சாக்கிற் பச்சைப் பூஞ்சணம் தோன்றினால் அது பைகளுக்கும் தொற்றும். ஆகையால் இரண்டு சோடிச் சாக்குகள்; ஒன்று தொங்க, மற்றையது கழுவி வெயிலிற் காயும்.

காளானுக்குக் குளிர்ச்சி கிடைத்தது; ஆனால் தண்டுகள் மீண்டும் நீளத் தொடங்கின. ஈரச்சாக்கு காற்றின் வழியைப் பெரும்பாலும் மறைத்துவிட்டது. அடியிலே சில துளைகளும் உச்சியிலே சில துளைகளும் இடுவதென்று முடிவாயிற்று. சூடான காற்று மேலெழுந்து உச்சியால் வெளியேற, புதிய காற்று அடியால் நுழையும் என்பது எதிர்பார்ப்பு. துளைகள் இட்டபின் ஊதுபத்தியொன்றைக் கொளுத்தி அடித்துளையருகே பிடித்தாள். புகை உள்ளே செல்லவில்லை. வெளியே தள்ளப்பட்டு அவள் முகத்தில் அடித்தது. உச்சித் துளையருகே பிடித்தபோது புகை கீழ்நோக்கி உள்ளே இழுபட்டது.

கூலி பெற வந்த தச்சர் இதைப் பார்த்தார். “என்ன பிள்ளை, அலுமாரிக்குச் சாம்பிராணியே பிடிக்கிறாய்?”

“இல்லை ஐயா, காத்து எந்தப் பக்கத்தாலை போகுதெண்டு பாக்கிறன். தலைகீழாப் போகுது.”

தலைகீழன்று, நேர்வழியே. விளக்கெரியும் பெட்டியில் உட்காற்று வெளிக்காற்றைவிடச் சூடானது, அது மேலெழும். ஈரச்சாக்குப் போர்த்த பெட்டியிலோ உட்காற்றுக் குளிர்ந்தது, எனவே கனத்தது. அது கீழே வடியும். மேற்காவுகையின் விதி ஒன்றே. பெட்டியின் நிலைமை மாறியதனாற் காற்றின் திசை மாறியது. அறிஞர் நூல்களில் ‘அடியால் உள்வரவு, உச்சியால் வெளியேற்றம்’ என்றிருப்பதை அப்படியே கைக்கொள்வோர் இங்கே இடறுவர். ஊதுபத்தி அவ்வாறு இடறவிடாது.

கழிக்கப்பட்ட கணினியொன்றின் விசிறி, அங்குலம் ஐந்துக்குச் சற்றுக் குறைவானது, அடுத்து வந்தது. பன்னிரண்டு உவோற்றுக்குரிய அதனை வீட்டிலிருந்த ஒன்பது உவோற்று மின்வழங்கியில் இணைத்தபோது மெதுவாகவும் ஓசையின்றியும் சுழன்றது. இரண்டு உவாற்றுக்கு மேற்படாத அவ்விசிறி இரவுபகலாக ஓடினும் மாதத்தில் ஒன்றரை அலகு மின்சாரமே செல்லும். அதனை உச்சித் துளையிற் பொருத்திக் காற்றை உள்ளே ஊதச் செய்தாள். காளான் செழித்தது. குடைகள் கையகலம் விரிந்தன. சந்தையில் முதன்முறையாக அவளுடைய பொதிகள் காலை எட்டு மணிக்குள் விற்றுத் தீர்ந்தன.

மகனுக்கு இருமல் தொடங்கியது அந்த மாதத்திலேதான்.

முதலில் மழைக்குளிர் என்றே நினைத்தாள். அவனுக்குச் சிறுவயதிலேயே மூச்சிழுப்பு உண்டு. ஆனால் இருமல் விடியற்காலையில் மிகுந்து, பள்ளி திறந்தபின் பகலில் தணிந்தது. வைத்தியர் நெஞ்சொலியைக் கேட்டபின், பிள்ளை படுக்கும் அறையில் என்ன இருக்கிறது என்று வினவினார். காளான் என்றதும் அவருடைய முகம் மாறியது. சிப்பிக் காளான் முதிர்ந்து குடை விரியும்போது கண்ணுக்குப் புலப்படாத வித்திகளைக் கோடிக்கணக்கிற் சொரியும். அவற்றை நாள்தோறும் சுவாசிக்கும் பண்ணைத் தொழிலாளர்க்கு நுரையீரல் அழற்சி வருவது மருத்துவ நூல்களிற் பதிவான செய்தி. ஏற்கெனவே மூச்சிழுப்புள்ள பிள்ளைக்கு அது சிறிய விடயமன்று. ஊதுவிசிறி காளானுக்குப் புதிய காற்றைத் தந்தபொழுதெல்லாம், வித்தி நிறைந்த காற்றை வலையின் ஒவ்வோர் இடுக்காலும் அறைக்குள், பாயில் உறங்கும் பிள்ளையின்மீது தள்ளிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அலுமாரியை வெறுமையாக்கிவிடுவதென்றே அவள் எண்ணினாள். ஆனால் பிள்ளையின் மருந்துக்கும் பேருந்துக்கும் காசு வந்தது அந்த அலுமாரியிலிருந்தே. முன்னறைக்கு மாற்றினாற் பிற்பகல் வெயிலிற் பைகள் அவிந்துவிடும். இவ்வீட்டிற் குளிர்ந்த இடம் ஒன்றே, அதற்குரியவர் இருவர். அலுமாரியின் கதையில் இதுவே இக்கட்டான கட்டம். காற்றோட்டம் பற்றிப் பேசுவோர் காற்று எவ்வாறு உள்ளே வரும் என்பதையே பெரிதும் பேசுகின்றனர். வெளியேறிய காற்று எவருடைய மூக்குக்குச் செல்கிறது என்பதைக் கேட்போர் அரியர்.

அவள் விசிறியைத் திருப்பிப் பொருத்தினாள். ஊதுவதற்குப் பதிலாக இழுக்கும்படி, உச்சியிலன்றி அடித்துளையில், குளிர்ந்த காற்று இயல்பாகவே வடியும் இடத்தில் வைத்தாள். அவ்விசிறியின் வாயிலிருந்து தகரக் குழாயொன்று சுவரைத் துளைத்து வெளியே சென்றது. இழுவிசிறியினால் அலுமாரியினுள் அமுக்கம் சற்றுக் குறைந்திருக்கும். எனவே இடுக்குகள் யாவற்றாலும் அறைக்காற்று உள்ளே செல்லுமேயன்றி உட்காற்று அறைக்குள் வராது. விசிறியும் ஒன்று, மின்சாரமும் அதே அளவு. திசை மட்டுமே வேறு. மீண்டும் ஊதுபத்தி. கதவின் நாற்புறமும் புகை உள்ளே இழுபட்டது. உச்சித் துளைகளிற் காளான் ஈ நுழையாதபடி பழைய நைலோன் சேலைத் துண்டை இரட்டையாக்கிக் கட்டினாள். துணி காற்றைத் தடுக்குமாதலால் துளைகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினாள். இழுவை மிகுந்து காளான் உலரத் தொடங்கியபோது, குழாயின் வாயிற் கண் துளைத்த சிரட்டையொன்றைக் கவிழ்த்தாள். குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே, வித்தி சொரியுமுன், பறித்துவிடுவதும் வழக்கமாயிற்று. நிறை சற்றுக் குறைந்தது. காளான் மென்மையாயிருந்ததால் வாங்குவோர் குறை சொல்லவில்லை.

2022 மாசி, பங்குனி மாதங்களில் நாடெங்கும் மின்வெட்டு நீண்டது. பங்குனி இறுதியில் அது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. விசிறி நின்றது. விசிறி நின்றதும் அறையின் ஆபத்தும் திரும்பியது. தச்சரே இதற்கு வழி சொன்னார் என்பர். அவளோ அடுப்படிப் புகைக்கூட்டைப் பார்த்துத் தானே நினைத்ததாகச் சொல்கிறாள். வெளியே சென்ற குழாயைச் சுவரோடு நிமிர்த்தி, கூரைக்கு மேல் மூன்றடி உயர்த்தி, வெயில் படும் பகுதி முழுவதற்கும் கரிய நிறம் பூசினர். வெயிலிற் குழாய் சூடேற, அதனுட் காற்று இலேசாகி மேலெழும். அடியில் அலுமாரிக் காற்றை அது தொடர்ந்து இழுக்கும். வெயில் எவ்வளவு கொடிதோ அவ்வளவுக்கு இழுவையும் மிகும். இரவில் அது பயன் தராது. மின்வெட்டு இரவுகளில் அவள் பின்னறையின் இரண்டு சன்னல்களையும் திறந்து, நுளம்புவலையை இறக்கி, மகனை முன்னறையிற் படுக்கவைத்தாள்.

மின்வெட்டு நீங்கிய பின்னரும் அவனுடைய பாய் பின்னறைக்குத் திரும்பவில்லை. இருமல் பெரிதும் தணிந்தது. விசிறியினாலோ பாயை மாற்றியதனாலோ என்று பிரித்துச் சொல்ல இயலாது. முன்னறைச் சுவர் மாலை வெயிலின் சூட்டை இரவு ஒன்பது மணிவரை விடாது. அதுவரை அவன் திண்ணையிலிருந்து பாடம் படிக்கிறான். அவள் தையற் பொறியை வாசலருகே இழுத்துப் போட்டுச் சீருடை தைக்கிறாள். சித்திரையிற் சிப்பிக் காளான் பைகளை அவள் வருவிப்பதில்லை. முப்பத்தைந்து பாகையையும் தாங்கும் பாற்காளான் பைகள் கிடைத்தால் மேல்தட்டில் ஆறு வைக்கிறாள். 1974 இல் மேற்கு வங்காளத்தில் இனங்காணப்பட்ட அவ்வினம் வெப்பத்தையே விரும்புவது. கிடைக்காவிடின் அலுமாரி அம்மாதம் முழுவதும் கதவு திறந்தபடி வெறுமையாக நிற்கும். சாக்குகள் நான்கும் வேப்பமரத்தடியிற் கொடியிற் காயும்.